வளையலை வச்சும் தீராத கார்டு கடன்: ரெண்டாவது தடவை நான் செஞ்ச வரிசை (முழு வழிகாட்டி)

முதல்லயே சொல்லிடுறேன், நான் பேங்க் ஆளும் இல்ல, ஃபைனான்ஸ் படிச்சவனும் இல்ல. நாகர்கோவில்ல ஒரு மொத்த வியாபார ஏஜென்சில கணக்கு எழுதுற வேலை. அடுத்தவன் கடை பாக்கில ஒரு ரூபா குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிருவேன், சொந்த வீட்டு கணக்கு மட்டும் எனக்கு தெரியாது.

2023ல ரெண்டு கிரெடிட் கார்டுலயும் சேர்த்து கடன் 90,000 பக்கம் நின்னுச்சு. வீட்டுக்காரியோட மூணு பவுன் வளையலை கூட்டுறவு சங்கத்துல பணயம் வச்சு ஒரே நாள்ல ரெண்டையும் அடைச்சேன். அன்னைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நின்னு டீ குடிக்கும்போது தலையிலேருந்து ஒரு சுமடு இறங்குன மாதிரி இருந்துச்சு. பதினாலு மாசம் கழிச்சு பாத்தா ஒரு கார்டுல 1,20,000, இன்னொண்ணுல 38,000, வளையல் அப்பவும் பணயத்துலயேதான் கிடக்கு. அன்னைக்கு ராத்திரி வீட்டுல கேட்டது ஒரே கேள்விதான், "கேட்டியளா, வளையல கொண்டு வச்சாச்சு, அடுத்து எத கொண்டு வைக்கப் போறிய?"

பதில் சொல்ல முடியல. ஆனா எங்க தப்புனேன்னு அப்போதான் புரிஞ்சுது. கடனை அடைச்சேன், கடன் வாங்குற கையை அப்படியே விட்டுட்டேன். கார்டு காலியானதும் லிமிட் முழுசா திரும்ப கிடைச்சுது, அத நான் சம்பாதிச்ச பைசா மாதிரி நினைச்சு தேய்ச்சேன். அதனால இங்க கடனை அடைக்குற படி ரொம்ப பின்னாடிதான் வரும். அவசரப்பட்டு நேரா அங்க சாடாதீங்க, நான் சாடிதான் விழுந்தேன்.

வட்டியை நம்ம ஊர் கணக்குல பாருங்க

ஸ்டேட்மென்ட்ல மாசம் 3.5%னு பொடி எழுத்துல போட்டிருப்பான், பல கார்டுல 3 லேருந்து 3.75 வரைக்கும் இருக்கும். பாத்தா சின்ன நம்பர். அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற உண்டு. 3.5க்கு ஜிஎஸ்டி போட்டா 4.13 ஆகுது, அதாவது நம்ம ஊர் பேச்சுல சொன்னா நாலு வட்டிக்கும் மேல. தெருவுல ஒருத்தன் நாலு வட்டிக்கு பைசா வாங்குனான்னு கேள்விப்பட்டா நாமளே என்ன சொல்லுவோம், "அவன் கத முடிஞ்சு"ன்னு சொல்லுவோம். அதையே மினுமினுன்னு ஒரு அட்டையில வாங்குனா பர்ஸ்ல முன்னாடி சொருகி வச்சுக்கிடுறோம்.

இப்ப மினிமம் டியூ, அதாவது மாசம் குறைஞ்சது இவ்வளவாவது கட்டணும்னு பேங்க் சொல்ற தொகை, அதோட கணக்கு. ஒரு லட்சம் பாக்கி இருக்குன்னு வைங்க. ஒரு மாச வட்டி 3,500, ஜிஎஸ்டி 630, ஆக 4,130. மினிமம் பொதுவா 5% பக்கம் வரும், அப்போ 5,000 கட்டுறீங்க. அதுல அசல்ல குறையுறது 870 ரூபாதான். மாசம் 5,000 கட்டியும் கடன் நகரவே மாட்டேங்குதேன்னு நான் ஒரு வருஷம் மண்டையை பிச்சுக்கிட்டது இதுனாலதான், இந்த கணக்க அப்போ ஒரு துண்டு பேப்பர்ல போட்டு பாத்திருந்தா போதும்.

இதவிட நைசா ஒரு விஷயம் இருக்கு. பாக்கி ஒண்ணும் இல்லேன்னாதான் அந்த 45, 50 நாள் வட்டியில்லாத சலுகை. போன மாச பில்லுல கொஞ்சம் நின்னாலும் சலுகை போச்சு, இன்னைக்கு வாங்குற 200 ரூபா பெட்ரோலுக்கும் இன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிரும். ஏடிஎம்ல கார்டு போட்டு கேஷ் எடுத்தா கேட்கவே வேண்டாம், எடுத்த நாள்லேருந்து வட்டி, அதுக்கு மேல ஒரு கட்டணம்.

கோர்ட்டு கேசு போட்டா வட்டி குறையாதான்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு. வருஷத்துக்கு 30%க்கு மேல வாங்கக் கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல சொல்லியிருந்துச்சு, அத 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தள்ளிருச்சு. அந்தப் பக்கம் எதிர்பாக்க வேண்டாம்.

படி 1: கார்டை கைக்கு எட்டாத இடத்துல வைங்க, இன்னைக்கே

கத்திரிக்கோல் எடுத்து வெட்டுறது வீடியோல பாக்க நல்லா இருக்கும், ஆனா நம்பர் போன்ல இருக்குற வரைக்கும் வெட்டி பிரயோஜனம் இல்ல. கடன் நிக்கிற இடம் போன்தான். நான் பண்ணுனது: எல்லா ஷாப்பிங் ஆப், சாப்பாட்டு ஆப்லயும் போய் சேவ் பண்ணி வச்ச கார்டை அழிச்சேன். அப்புறம் பேங்க் ஆப்ல கார்டு கண்ட்ரோல்னு ஒண்ணு இருக்கும், அதுல ஆன்லைன், தட்டுனா பைசா போறது, வெளிநாடு எல்லாத்தையும் ஆஃப் பண்ணுனேன். எல்லா பேங்கும் இத குடுக்கணும்னு 2020லயே ரிசர்வ் பேங்க் (ஆர்பிஐ) சொல்லியாச்சு, அதனால தேடுனா கிடைக்கும்.

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்ல சேர்த்திருந்தா அத முதல்ல எடுத்து வெளிய போடுங்க. 2022லேருந்து இந்த வசதி வந்துச்சு, வந்ததுலேருந்து டீக்கடை, பழக்கடை, பெட்டிக்கடைன்னு எங்க ஸ்கேன் பண்ணாலும் கடன்ல ஓடுது. மட்டிப்பழம் ஒரு சீப்ப நாலு வட்டிக்கு வாங்கி தின்ன ஆளு நான். சொல்லவே வெக்கமா இருக்கு.

கார்டுல தானா கழியுற ஓடிடி, இன்சூரன்ஸ், போன் பில் எல்லாம் என்னென்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட் எடுத்து, தேவையானத பேங்க் அக்கவுண்டுக்கு மாத்துங்க, மத்தத நிறுத்துங்க. அப்புறம் லிமிட்டை குறைக்கச் சொல்லி பேங்குக்கு எழுதுங்க. உங்க சம்மதம் இல்லாம அவங்க லிமிட்ட ஏத்தக் கூடாது, அதனால "வாழ்த்துக்கள், உங்க லிமிட் கூடுது"ன்னு வர்ற மெசேஜுக்கு கைநழுவி சரின்னு அமுக்கிராதீங்க. அட்டையை நான் வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டேன். எங்க வச்சிருக்கான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

படி 2: முப்பது நாள் நோட்டு

இதுல ஆப் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். ஆப் தானா எழுதிக்கிடும், நாம பாக்க மாட்டோம். பத்து ரூபா நோட்டு ஒண்ணு வாங்கி சட்டப் பையில வச்சேன், செலவு பண்ணுன உடனே எழுதணும், ராத்திரி எழுதிக்கிடலாம்னா பாதி மறந்துரும். முதல் மாசம் எதையும் குறைக்காதீங்க, சும்மா எழுதுங்க. குறைக்கணும்னு ஆரம்பிச்சா எழுத்துலயே பொய் வந்துரும், நான் நாலாவது நாளே பொய் எழுதுனேன், 180 ரூபா பரோட்டாவ 100ன்னு போட்டேன், யார ஏமாத்துறேன்னு தெரியல.

மாசக் கடைசியில உக்காந்து கூட்டுனோம். வீட்டு வருமானம் ரெண்டு பேருக்கும் சேர்த்து 46,000. அரிசி, மீன், காய்கறி, பால், கரண்டு, ஸ்கூல் வேன் இதெல்லாம் ரெண்டு பேருக்கும் மனசுல இருந்த கணக்குதான், பெரிய வித்தியாசம் இல்ல. மனசுல இல்லாததுதான் இடிச்சுது. டீயும் கடியும் 1,300. ஹோட்டல் பார்சல், டெலிவரி 2,850. ஆன்லைன்ல வாங்குன சில்லறை சாமான் 1,900, அதுல மூணு சாமான் கவர் கூட பிரிக்கல. திருவனந்தபுரம் மாலுக்கு ஒரு ஞாயித்துக்கிழம போனது பெட்ரோல், சாப்பாடு, பிள்ளைங்க விளையாடுனது எல்லாம் சேர்த்து 2,600. பாக்கவே நேரமில்லாத ஓடிடி 750. மொத்தம் 9,400. ரெண்டு கார்டுக்கும் மாசம் நாங்க கட்டுன மினிமம் 7,900தான்னு அப்போதான் உறைச்சுது.

ஒண்ணு கவனிச்சேன், அந்த 9,400ல எதுவும் கையில நோட்டா எண்ணிக் குடுத்தது இல்ல. எல்லாம் போன்லயும் கார்டுலயும் போனது. காலையில மீன்கார அக்காகிட்ட சாளைக்கு இருபது ரூபா பேரம் பேசுற அதே மனுஷன்தான் ராத்திரி டெலிவரி சார்ஜ் 45 ரூபாய கண்ண மூடிட்டு அமுக்குறான்.

படி 3: எத வெட்டணும், எத தொடக் கூடாது

எல்லாரும் டீயத்தான் முதல்ல நிறுத்தச் சொல்லுவாங்க. நான் டீய தொடல. ஆபீஸ்ல நாள் முழுக்க உக்காந்து கணக்கு பாக்குறவனுக்கு பதினொரு மணிக்கு வெளிய போய் ஒரு டீயும் ஒரு பழம்பஜ்ஜியும் இல்லேன்னா அன்னைக்கு வேலை ஓடாது. சின்ன சந்தோஷத்த பிடுங்கினா பத்து நாள் பல்லக் கடிச்சுட்டு இருந்துட்டு பதினோராவது நாள் பெருசா எதாவது செஞ்சு வைப்போம், அது என் அனுபவம்.

வெட்டுனது இதுதான். பார்சல மாசம் ரெண்டு தடவையா ஆக்குனோம், 800ல நிக்குது. சனிக்கிழம ராத்திரி சமைக்க வீட்டுக்காரிக்கு முடியாது, அதுதான் பார்சலுக்கு அசல் காரணம், அதனால சனிக்கிழம அடுப்படி என் பொறுப்பு, மரச்சீனி அவிச்சு மீன் கறியோட வைப்பேன், அதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. மாலுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா. மத்த ஞாயிறு பிள்ளைங்கள முட்டம் கடற்கரைக்கோ திற்பரப்பு அருவிக்கோ கூட்டிட்டு போவோம், கட்டுச்சோறு எடுத்துட்டு. முதல் தடவ மூஞ்ச தூக்குனாங்க, அப்புறம் சரியாச்சு. ஆன்லைன் சாமானுக்கு ஒரு சட்டம்: கூடையில போட்டு ஏழு நாள் கழிச்சும் வேணும்னு தோணுனா மட்டும் வாங்கணும், 1,900 போய் 500 ஆச்சு. ஓடிடி ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டோம். எல்லாம் சேர்த்து மாசம் 5,650 மிச்சம். ஏற்கனவே கட்டிட்டு இருந்த 7,900ஓட சேர்த்தா 13,550. நம்ம ஆயுதம் அவ்ளோதான்.

அப்புறம் வார பைசா. சனிக்கிழம சனிக்கிழம வீட்டுச் செலவுக்கு ஏடிஎம்ல (டெபிட் கார்டுங்க, நல்லா கவனிங்க) ஒரே தொகைய எடுத்து கவர்ல போட்டு வச்சோம். திங்கள்சந்தைக்கு போறதுன்னாலும் மீனுன்னாலும் அதுலேருந்துதான். வெள்ளிக்கிழம கவர் காலியாச்சுன்னா வெள்ளிக்கிழம கஞ்சியும் பயறும். 500 ரூபா நோட்ட உடைக்க மனசு வராது பாருங்க, அந்த தயக்கம் ஸ்கேன் பண்ணும்போது வராது. அதத் திரும்ப வாங்குறதுக்குத்தான் இந்த கவர்.

படி 4: "திடீர்னு வந்த செலவு"னு நாம சொல்ற திடீர் இல்லாத செலவு

இந்தப் படிய நிறைய பேரு விட்டுருவாங்க, இதாலதான் கார்டு திரும்ப வெளிய வருது. என் பழைய ஸ்டேட்மென்ட் பதினாலையும் எடுத்து வச்சு பெரிய தொகைய மட்டும் வட்டம் போட்டேன். ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ், புஸ்தகம். வண்டி இன்சூரன்ஸ். ஓணத்துக்கு மச்சினன் வீட்டுக்கு போனது. நவம்பர் கடைசியில கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, டிசம்பர் 3 முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள கிறிஸ்மஸ் டிரெஸ்சு, ஸ்டார், கேக்கு. மாசியில மண்டைக்காடு கொடைக்கு விருந்தாளி. நடுவுல கல்யாணம், ஞானஸ்நானம், பால்காய்ச்சு. இதுல எது திடீர்னு வந்துச்சு? வருஷா வருஷம் அதே தேதியில வர்றதுதான்.

எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல பன்னெண்டு மாசத்துக்கும் எழுதுனா 42,000 வந்துச்சு, மாசத்துக்கு 3,500. அவ்ளோ ஒதுக்க எங்களால முடியல. அதனால லிஸ்ட வெட்டி 24,000 ஆக்குனோம், மாசம் 2,000, அது வீட்டுக்காரி சாயங்காலம் எடுக்குற டியூஷன் பைசாலேருந்து தனி அக்கவுண்டுக்கு போகுது. கல்யாண வீட்டுல எழுதுற தொகைய குறைச்சதுல ரெண்டு சொந்தக்காரங்களுக்கு வருத்தம்தான். அவங்க எனக்கு எழுதுனத நோட்டுல பாத்து அதே அளவுதான் எழுதுனேன், நியாயம்னு பட்டுது. நெருங்குன ஆளுங்கன்னா உள்ளத சொல்லிருங்க. எங்க மைனிகிட்ட சொன்னப்போ "இத மின்னமே சொல்லியிருக்கலாம்லா, எங்களுக்கும் அதே கததான்"னாவ.

இதுபோக பைசா மிஞ்சுற மாசத்துல 500, 700னு வேற ஒரு அக்கவுண்டுல போட்டு 10,000 வரைக்கும் சேருங்க. ஆஸ்பத்திரி, வண்டி பஞ்சர், மிக்ஸி ரிப்பேரு மாதிரிக்கு. நாலு வட்டி கடன் இருக்கும்போது சேமிப்பு எதுக்குன்னு கேக்கலாம், கணக்குப்படி அது சரிதான். ஆனா கையில பத்தாயிரம் இல்லாதவன் முதல் காய்ச்சலுக்கே கார்டை தேடுவான்.

படி 5: விலை கூடுன கடனை விலை குறைஞ்ச கடனா மாத்துறது

படி 1 முதல் 4 வரைக்கும் ரெண்டு மாசமாவது ஓடுன பிறகுதான் இதுக்கு வரணும். நான் முதல் தடவ நேரா இங்கதான் வந்தேன்.

பேங்குக்கு போன் போட்டு மொத்த பாக்கியையும் இஎம்ஐயா மாத்தச் சொல்லுங்க. நாலு கேள்வி கேளுங்க: வருஷ வட்டி எவ்வளவு, பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, நடுவுல அடைச்சா அபராதம் உண்டா, மொத்தம் எத்தன ரூபா கட்டி முடிப்பேன். "மாசம் வெறும் 1.33% சார்"னு இனிப்பா சொல்லுவாங்க, வருஷ வட்டிதான் வேணும்னு விடாம கேளுங்க.

வித்தியாசம் எவ்வளவுன்னு என் கணக்கையே சொல்றேன். 1,20,000ஐ 16% வட்டிக்கு 24 மாசமா மாத்துனா இஎம்ஐ 5,875. மொத்தம் கட்டுறது 1,41,000, வட்டி 21,000, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி ஒரு 3,800 பக்கம், முதல் மாசம் 288 ரூபா வரும் அப்புறம் குறைஞ்சுட்டே போகும். அதே 5,875ஐ மாசா மாசம் மாத்தாம சும்மா கார்டுலயே கட்டிட்டு இருந்தா? 46 மாசம் ஆகும், மொத்தம் 2,69,000க்கு மேல போகும். கையிலேருந்து போறது மாசம் அதே பைசாதான், போன் போட்டதுல கிட்டத்தட்ட ரெண்டு வருஷமும் ஒரு லட்சத்துக்கு மேலயும் மிச்சம்.

நம்ம மாவட்டத்துல எல்லார் வீட்டுலயும் ஒரு பொட்டு தங்கமாவது இருக்கும், அதனால நகைக் கடனும் ஒரு வழிதான். பேங்க், கூட்டுறவு சங்கத்துல வட்டி கார்டுல கால்வாசி கூட வராது. ஆனா வீட்டுல உள்ளவங்க மனசார ஒத்துக்கிட்டு, திருப்புற தேதிய எழுதி வச்சுட்டு, அப்புறமா வைங்க. பேச்சுவாக்குல வாங்கிட்டு போகாதீங்க, நான் அப்படித்தான் போனேன், அந்த மௌனம் வீட்டுல எத்தன மாசம் இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

செய்யவே கூடாத ரெண்டு வழி. ஒண்ணு, கடையில கார்டை தேய்ச்சு 2%, 3% கமிஷன் பிடிச்சுட்டு கேஷ் தர்றது, ஒரு கார்டுக்கு இன்னொரு கார்டுன்னு சுத்தி விடுறது. இது கார்டு விதிக்கே விரோதம், அதோட பாம்புக்கு பயந்து கிணத்துல விழுற வேலை, மாசா மாசம் கமிஷன் போயிட்டே இருக்கும் அசல் அப்படியே நிக்கும். ரெண்டு, ரெண்டே நிமிஷத்துல லோன்னு வர்ற ஆப். உங்க போன்ல உள்ள நம்பர் எல்லாம் கேட்டுதுன்னாலே ஓடிருங்க.

படி 6: அடைக்குற வரிசை

வட்டி கூடுனத முதல்ல அடைக்கணுமா, தொகை சின்னத முதல்ல அடைக்கணுமான்னு பெரிய பட்டிமன்றமே நடக்கும். கணக்கு பாத்தா வட்டி கூடுனதுதான். ஆனா மனுஷனுக்கு ஒண்ணாவது முடிஞ்சுதுன்னு பாக்கணும். எனக்கு அதிர்ஷ்டத்துக்கு ரெண்டும் ஒண்ணா அமைஞ்சுது, பெரிய கார்டு இஎம்ஐயா மாறிட்டதால சின்ன கார்டுதான் நாலு வட்டில நின்னுச்சு. மாசம் 13,550ல இஎம்ஐயும் ஜிஎஸ்டியும் 6,163, நகை வட்டி ஒரு 700, சின்ன கார்டுக்கு 6,000. மீதி ஏதோ 690, அது அந்த பத்தாயிரம் அக்கவுண்டுக்கு. எட்டு மாசத்துல 38,000 தீந்துச்சு. ஒன்பதாவது மாசத்துலேருந்து அந்த 6,000ஐ அப்படியே வளையலுக்கு திருப்புனோம், ஒரு மாசம் கூட கைல விடல. ஒரு கடன் முடிஞ்ச மாசம்தான் ஆபத்தான மாசம், "ஆறாயிரம் மிச்சம்டே"ன்னு மனசு உடனே போன் மாடல் பாக்க ஆரம்பிச்சிரும்.

சம்பளம் வந்த அன்னைக்கே கட்டுங்க. கார்டு பாக்கிக்கு வட்டி தினக்கணக்குல ஓடுது, கடைசி தேதி வரைக்கும் பைசாவ அக்கவுண்டுல வச்சு அழகு பாத்தா நஷ்டம், பாதி செலவும் ஆயிரும். பில் தேதி உங்க சம்பளத் தேதிக்கு ஒத்துவரலேன்னா மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம், ஒரு தடவையாவது மாத்திக் குடுக்கணும்னு ஆர்பிஐ விதி இருக்கு. தப்பித்தவறி கடைசி தேதி தாண்டிருச்சுன்னா பதறாதீங்க, மூணு நாளுக்கு மேல போனாத்தான் லேட் ஃபீஸ் போடலாம், அதுக்குள்ள கட்டிருங்க.

மாசச் சம்பளம் இல்லாதவங்களுக்கு கொஞ்சம் வேற மாதிரி. ரப்பர் பால்வெட்டுக்கு போறவங்களுக்கு மழை காலத்துலயும் மரம் இலை உதிர்க்கும்போதும் வருமானம் படுத்துரும். கடலுக்கு போறவங்களுக்கு விசைப்படகு தடைக்காலம், கிழக்கு பக்கம் சின்னமுட்டம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14, மேற்கு பக்கம் குளச்சல் தேங்காப்பட்டணம் ஜூன் 1லேருந்து ஜூலை 31. இந்த மாசம் எல்லாம் முன்னாடியே தெரிஞ்சதுதான். அதனால நீளமான இஎம்ஐல மாட்டிக்காம, நல்லா கிடைக்குற மாசத்துல வரவுல மூணுல ஒரு பங்க கடனுக்கு போட்டுட்டு, படுத்த மாசத்துக்கு வேண்டிய தவணைய அப்பவே தனியா எடுத்து வச்சிருங்க. வெளிநாட்டுலேருந்து பைசா வர்ற வீடா இருந்தா அனுப்புற ஆளுக்கு கடன் எவ்வளவுன்னு முழுசா தெரியணும். பாதிய மறைச்சு வச்சு அவங்க லீவுக்கு வரும்போது வெடிச்ச வீடு எங்க தெருவுலயே உண்டு.

கட்ட முடியாம போனவங்களுக்கு

போன எடுக்காம ஒளியாதீங்க. நீங்களே பேங்குக்கு மெயில்ல எழுதுங்க, நிலைமை இது, மாசம் இவ்வளவு முடியும்னு. வசூல் ஏஜென்ட் காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு பிறகும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, ஊர்க்காரன்கிட்ட சொல்லி மானத்த வாங்கக் கூடாது, இது ஆர்பிஐ 2022ல சொன்னது. மீறுனா தேதி, நேரம், நம்பர் எழுதி வச்சு பேங்குக்கு புகார் குடுங்க. 30 நாள்ல பதில் இல்ல, இல்லேன்னா பதில் சரியில்லேன்னா ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேனுக்கு (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்குற அதிகாரி) போகலாம், ஆன்லைன்லயே போடலாம், சந்தேகம் கேக்க 14448. செலவு ஒண்ணும் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பாதிய கட்டுங்க மீதிய தள்ளுறோம்னு செட்டில்மென்ட் பேசுவாங்க. வேற வழியே இல்லேன்னா மட்டும். சிபில் ரிப்போர்ட்ல (நாம கடன் வாங்கி கட்டுன வரலாறு அதுலதான் இருக்கும்) "செட்டில்டு"னு விழுந்தா வீட்டு லோனுக்கோ வண்டி லோனுக்கோ போகும்போது வருஷக்கணக்கா அது முன்னாடி வந்து நிக்கும்.

படி 7: மூடுறது

பாக்கி பூஜ்யம் ஆனதும் கார்டு தானா மூடிரும்னு நினைக்காதீங்க. கடைசி வட்டின்னு ஒரு 60, 70 ரூபா அடுத்த பில்லுல வரும், அதையும் கட்டுங்க. அப்புறம் மூடச் சொல்லி எழுத்துல குடுங்க. பாக்கி எதுவும் இல்லேன்னா 7 வேலை நாள்ல மூடணும், மூடலேன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபா பேங்க் உங்களுக்குத் தரணும். பாக்கி இல்லேன்னு ஒரு கடிதம் வாங்கி பத்திரமா வைங்க. ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட்ட எடுத்து "க்ளோஸ்டு"னு காட்டுதான்னு பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவ ஃப்ரீயா கிடைக்கும்.

எல்லா கார்டையும் மூடணுமான்னா, அது ஆளப் பொறுத்தது. மாசா மாசம் முழுசா கட்ட முடியுறவனுக்கு ஒண்ணு இருந்துட்டு போகட்டும். நான் ஒண்ணு மூடிட்டேன், பெரிய கார்டுல இஎம்ஐ இன்னும் மூணு பாக்கி, சங்கத்துல வளையலுக்கும் ஏறக்குறைய மூணு மாசம். அது முடிஞ்சதும் அதையும் மூடுறதா இருக்கு, என் கைய எனக்குத் தெரியும்.

சின்ன கார்டு மூடி பதினோராவது நாள் ஒரு போன். "சார், உங்க பேமென்ட் ஹிஸ்டரி ரொம்ப நல்லாருக்கு, உங்களுக்கு லைஃப்டைம் ஃப்ரீ கார்டு, ஏர்போர்ட் லவுஞ்சு எல்லாம் உண்டு." நான் பிளேன் ஏறுனதே ஒரே ஒரு தடவதான். வேண்டாம்னு வச்சுட்டு, விளம்பர போன் வராம இருக்க 1909க்கு போட்டு டிஎன்டி பண்ணுனேன். இப்பவும் மாசம் ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யுது.